அப்பாவின் எண்பது வீதம்

புள்ளிவிபரவியல் படித்தவனைக் கலியாண வீட்டில் ஒரு கதிரையில் இருத்தி, கையில் பலகாரத் தட்டைக் கொடுத்து, அப்படியே விட்டுவிட வேண்டும். எந்தப் பொறுப்பும் கொடுக்கக் கூடாது. இதை நான் முழு நம்பிக்கையோடு சொல்கிறேன். என் அக்காவின் கலியாணத்தில் ஒரு பொறுப்பைத் தூக்கி என்னிடம் கொடுத்தார்கள்.

அப்போது நான் டென்மார்க்கில், ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். (அந்த வயதில் எனக்கிருந்த தன்னம்பிக்கை என் பேராசிரியருக்குக்கூட இருக்கவில்லை.) கலியாணம் விபோர்க்கில், எங்கள் ஊரில். அப்பா அறுநூறு பேருக்குச் சொல்லியிருந்தார். சமையல் புரொண்பியில் இருக்கும் செல்வம் அண்ணையுடையது. அவர் அங்கே சமைத்து, வான் வண்டியில் ஏற்றி, நாட்டைக் குறுக்கறுத்துக் கொண்டுவர வேண்டும். குறைந்தால் ஓடிப்போய் எடுத்துவரக்கூடிய தூரம் இல்லை. எத்தனை பேருக்கு என்று அவர் கேட்டார்.

"நூறிலை எண்பது பேர் வருவினம்," என்றார் அப்பா.

"எப்பிடித் தெரியும்?"

"எனக்குச் சனத்தைத் தெரியும்."

இது ஒரு ஆதாரமா? சோதித்துப் பார்ப்போம் என்றேன். அப்பாவின் எண்பது வீதம்தான் சூனியக் கருதுகோள், அதாவது பிழை என்று காட்டும்வரை உண்மை என்று எடுத்துக்கொள்வது. உண்மையான வீதம் அதைவிடக் குறைவு என்பது என்னுடைய மாற்றுக் கருதுகோள். (அம்மா ஓடிவந்து, "நல்ல காரியம் நடக்கிற வீட்டிலை சூனியம் கீனியம் எண்டு கதையாதை," என்று எனக்குத் திருநீறு பூசிவிட்டுப் போனார்.) அழைத்தவர்களில் ஐம்பது பேரைக் கணினியில் குலுக்கி எடுத்தேன். மாதிரி எழுமாறானதா? ஓம். போதிய அளவு பெரியதா? ஓம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லையே? இல்லை. ஒருவருடைய பதில் இன்னொருவருடைய பதிலில் தங்கியிருக்கக் கூடாது என்றும் ஒரு நிபந்தனை உண்டு. அதற்கும் ஒரு சரி போட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

"வணக்கம் மாமி. அக்கான்ரை கலியாணத்துக்கு நீங்கள் வருவீங்களோ, வரமாட்டீங்களோ?"

டெனிஷ்காரரிடம் இப்படிக் கேட்காவிட்டால்தான் குறை. எங்கள் ஆட்களிடம், பெற்றோர் வீடு தேடிப் போய்க் குங்குமம் வைத்துக் கார்ட் கொடுத்த பிறகு யாரும் இப்படிக் கேட்பதில்லை. கேட்டால் அந்த வீட்டில் ஏதோ பிழைத்துவிட்டது என்றுதான் எடுப்பார்கள். டென்மார்க்கில் பிறந்த எனக்கு அது தெரியாது.

மாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களுக்கு ஏதும் கரைச்சல் எண்டால் நாங்கள் வராமல் விடுறம், தம்பி. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ," என்றார்.

'வரமாட்டார்' என்று குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எடுத்த வீடுகளில் பலர், நான் கேள்வியை முடிக்க முதலே இதே பதிலைச் சொன்னார்கள். தரவு எவ்வளவு சீராக வருகிறது என்று மகிழ்ந்தேனே தவிர, என்னோடு கதைத்து முடித்ததும் மாமி யார் யாருக்குப் போன் எடுத்திருப்பார் என்று யோசிக்கவில்லை.

ஐம்பதில் இருபத்தொன்பது பேர்தான் வருவதாகச் சொன்னார்கள். கணக்கைப் போட்டேன். "அப்பா, உங்கடை எண்பது வீதம் உண்மை எண்டால் இவ்வளவு குறைவான விடை வாறதுக்குச் சந்தர்ப்பம் இல்லை எண்டே சொல்லலாம்," என்று அவருடைய கருதுகோளை நிராகரித்தேன்.

"நீ படிச்சனி," என்றார் அப்பா. செல்வம் அண்ணைக்கு எடுத்து, முந்நூற்றைம்பது பேருக்குப் போதும் என்று சொன்னார்.

கலியாணத்தன்று, தாலி கட்ட முதலே மண்டபத்தில் கதிரை இல்லை. கார்ட் கிடைத்தவர்கள் மட்டுமல்ல, கிடைக்காதவர்களும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் மாமி.

"வரமாட்டம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"கலியாணம் குழம்பப்போகுது எண்டு டென்மார்க் முழுக்கக் கதை, தம்பி. இப்பிடியான நேரத்திலை பக்கத்திலை நிக்காட்டி நாங்கள் என்ன சொந்தம்?" மாமியின் கண் கலங்கியது. (குழம்புவதைப் பார்க்கவென்றே வந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் ஏமாந்துதான் போனார்கள், அவர்களுக்கும் பசித்தது.)

இரண்டாம் பந்தியோடு சோறு முடிந்தது. சாம்பாறு மட்டும் இருந்தது. அப்பா வாசலில் நின்று, கைகூப்பி, சிரித்துக்கொண்டே இருந்தார். கூப்பிய கையை அவர் கீழே விடவேயில்லை. தன் வீட்டு வாசலுக்கு வந்த ஒருவரையும் பசியோடு அனுப்பாத மனிதர். அந்தக் கையைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாலையும் கழுத்துமாக அக்கா என்னிடம் வந்தாள். "அழுறதைப் பிறகு அழு. காரை எடுத்துக்கொண்டு போய், கடையிலை இருக்கிற பாண் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு வா."

பட்டு வேட்டியோடு போனேன். கடையில் அதிகம் இருந்தது டெனிஷ்காரரின் கறுத்த பாண்தான், அந்தப் புளிப்பு ரொட்டி. தள்ளுவண்டி நிறைய அதைக் கண்ட காசாளர் பெண், எத்தனை பேருக்கு விருந்து என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதியை நான் இழந்திருந்தேன்.

வாழையிலையில் கறுத்த பாண், அதன்மேல் சாம்பாறு. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மாமி இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். அதற்குப் பிறகுதான் அப்பா கதிரையில் இருந்தார்.

இன்று நான் புள்ளிவிபரம் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன், நன்றாகவே செய்கிறேன். ஆனால் எங்கள் ஆட்களின் விழாவுக்குக் கூட்டம் குறையும் போலிருந்தால், "சேந்தனை ஒருக்காப் போன் எடுத்து, வாறீங்களோ எண்டு கேக்கச் சொல்லுங்கோ," என்பார்கள். சொன்னபடி செய்கிறேன். மண்டபம் நிறைந்துவிடுகிறது.

அக்காவின் மகள் இப்போது கிம்னேசியம் எனப்படும் உயர்தரப் பள்ளியில் இதே பாடம் படிக்கிறாள். போன கிழமை வகுப்பில், உண்மையாக இருக்கும் கருதுகோளை நிராகரித்துவிடும் தவறுக்கு என்ன பெயர் என்று ஆசிரியர் கேட்டாராம். முதலாம் வகைத் தவறு என்பதுதான் விடை. இவள் கையை உயர்த்தி, அட்சரம் பிசகாத டெனிஷில் சொன்னாளாம்:

"எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சேந்தன் மாமா."