படம் வராத ஃபைனல்

கேபிள் டி.வி. தொழிலை நம் நாட்டில் எத்தனையோ பேர் நடத்தினார்கள். வாடிக்கையாளர் கேட்டதை ஒருநாளும் காட்டுவதில்லை என்று ஒரு கொள்கை வைத்துக்கொண்டு, அதோடு தெருவில் தைரியமாக நடமாடவும் செய்தவர், எனக்குத் தெரிந்து, உத்தமபாளையம் டிஷ் அண்ணன் ஒருவர்தான். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். அவர் சம்சாரமே "டிஷ்ஷு சாப்பிடுறாக, பொறவு வாங்க" என்று சொல்லும்போது நாங்கள் அதற்கு மேல் விசாரிப்பது மரியாதையில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. நான் அங்கே தாலுகா ஆபீசில் வேலை பார்த்தேன். தெருக்கோடியில் இருந்த அவர் வீட்டு மாடி அறைதான் கன்ட்ரோல் ரூம். அங்கே ஒரு மைக் உண்டு. குழாயில் தண்ணீர் வருவது, கறுப்பு வெள்ளாடு காணாமல் போனது முதலான உலகச் செய்திகளை, ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் மேலேயே அவர் பேசிவிடுவார். கதாநாயகி உயிரை விடும் கட்டத்தில்தான் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும். பாதிப் பேர் குடத்தோடும் பாதிப் பேர் கண்ணீரோடும் ஓடுவார்கள்.

ஆடியில் கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால் எங்கள் பக்கம் தகரக் கூரை வைத்தவர்கள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே சாப்பிடுவது வழக்கம். அந்த வருஷக் காற்று, ஞாயிறு சாயங்காலம் எங்களுக்குப் பழைய சினிமா கொண்டுவந்த பெரிய டிஷ்ஷை ஒரு திருப்புத் திருப்பிவிட்டது. சினிமா போய், நெட்டை நெட்டையாக வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். ஒரு பந்தைக் கையில் பிடித்து, ஓடி, எம்பி, வலைக்குள் எறிந்தார்கள். வர்ணனை எந்த நாட்டு பாஷை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டு ராவுத்தர், திரையில் வந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்து, இது ஹேண்ட்பால், பல தேசத்து கிளப்புகள் மோதும் லீக், மே மாதம் ஃபைனல் என்று தீர்ப்புச் சொன்னார்.

வேறு ஆளாக இருந்தால் டிஷ்ஷைப் பழையபடி திருப்பியிருப்பான். நம்மவர் அது இம்மியும் அசையாதபடி கம்பி போட்டு இறுக்கிக் கட்டினார். எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது அவருக்கே தெரியாது, காற்றுக்குத்தான் தெரியும். அன்று முதல் மொட்டைமாடியில் அவர் சம்சாரம் வடகம் காயப்போடத் தடை. காக்கை உட்கார்ந்தால்கூட ஏணி வைத்து ஏறி, அதிராமல், கெஞ்சி அனுப்பிவிட்டு இறங்குவார்.

புரியாத பாஷையை எத்தனை வாரம்தான் கேட்பது? மைக்கை எடுத்துக்கொண்டு அவரே வர்ணனையில் இறங்கினார். மஞ்சள் சட்டை போட்ட அணி ஒன்று அவருக்குப் பிடித்துப்போனது. காரணம், அதன் கோல்கீப்பர். வழுக்கைத் தலை, தொப்பை, இடது முழங்காலில் கட்டு. சின்னமனூரில் இருக்கும் தன் தாய்மாமனை உரித்து வைத்தது மாதிரி இருக்கிறார் என்று சொல்லி, அவருக்கு மாமா என்றே பெயர் வைத்துவிட்டார். அடித்து ஆடும் இன்னொருவருக்குக் கறிக்கடை என்று பெயர். கோலுக்கு முன்னால் இருக்கும் வளைவுக்கோடு மாமாவின் அடுப்படி, மற்றவர்கள் உள்ளே கால் வைக்கக்கூடாது. தப்பு செய்தவனை நடுவர் இரண்டு விரலைக் காட்டி இரண்டு நிமிஷம் வெளியே நிறுத்துவார். ஆனால் மஞ்சள்சட்டைக்காரர்கள் அந்த சீசன் முழுவதும் ஒரு தப்பும் செய்யவில்லை. கறிக்கடை எதிராளியின் கழுத்தைப் பிடித்துத் தொங்கியபோதும், "தம்பி தவறி விழப் பாத்தான், பிடிச்சுக்கிட்டான்" என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை சினிமாவைப் பறிகொடுத்த பெண்கள் எத்தனை வாரம் பொறுப்பார்கள்? என் மனைவி தலைமையில் படை திரண்டு மாடியேறியது.

"ஏண்ணே, ஊரே சினிமா பாக்குது. நாங்க மட்டும் இந்த மொட்டைத்தலையப் பாக்கணுமா?"

"மொட்டைத்தலைங்காதம்மா. மாமாவுக்கு இது கடைசி சீசன்."

"அது யாரு சொன்னா உங்களுக்கு?"

"அவுக முழங்கால் சொல்லுதே."

ராவுத்தர் நடுவில் புகுந்து ஒப்பந்தம் பேசிவைத்தார். மஞ்சள்சட்டை கப் ஜெயித்தால் அடுத்த வருஷமும் ஹேண்ட்பால், பெண்கள் வாய் திறக்கக்கூடாது. தோற்றால் டிஷ் பழையபடி திரும்பிவிட வேண்டும், ஞாயிறு சாயங்காலம் ஆயுசுக்கும் சினிமா. டிஷ் அண்ணன் மாமாவின் முழங்காலை நம்பித் தலையாட்டினார்.

மஞ்சள்சட்டை தோற்பதைக் கண்குளிரப் பார்க்கவேண்டும் என்றுதான் பெண்கள் ஞாயிறுதோறும் டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள். அது தோற்கவில்லை, இவர்கள்தான் ஆட்டத்தில் தேறிவிட்டார்கள். ஒருநாள் சாம்பாரில் உப்பில்லை என்றேன். என் மனைவி பேசாமல் இரண்டு விரலைக் காட்டி, வாசல் பக்கம் கையை நீட்டினாள். வெளியே போய் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரரும் அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

மஞ்சள்சட்டை கால் இறுதியைத் தாண்டியதும் டிஷ் அண்ணன் மாமா பெயருக்கு அர்ச்சனை செய்யக் கோயிலுக்குப் போனார். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். தெரியவில்லை. ராசி? அதுவும் தெரியவில்லை. ஊராவது தெரியுமா என்று கேட்டார். வெளிநாடு என்று சொல்லிவிட்டு டிஷ் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். சாமிக்கு என்ன புரிந்ததோ, அரையிறுதியில் மாமா கடைசிப் பந்தைக் காலால் தட்டிவிட, மஞ்சள்சட்டை ஃபைனலுக்குப் போய்விட்டது.

ஃபைனல் ஞாயிறு. மத்தியானமே கோடைமழைக் காற்று கிளம்பியது. கம்பி அறுந்தது, டிஷ் திரும்பியது. எங்கள் தெருவிலுள்ள எல்லா டி.வி.யிலும் வெள்ளைப் புள்ளி. நானும் ராவுத்தரும் மாடிக்கு ஓடினோம். டிஷ் அண்ணன் மழையில் நனைந்தபடி டிஷ்ஷைக் கட்டிப்பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் யாரோ அரபியில் செய்தி வாசித்தார், இன்னொரு பக்கம் ஒரு அம்மாள் கேக் செய்தாள். மாமாவை மட்டும் காணோம். ஆட்ட நேரமும் வந்துவிட்டது.

உள்ளே வந்தார். தலையைக்கூடத் துவட்டாமல் மைக்கைப் பிடித்தார்.

"உங்களுக்குப் படம் வராது. எனக்கு இங்கன நல்லாத் தெரியுது. ஆட்டம் ஆரம்பிச்சிருச்சு."

அவருக்கு முன்னால் இருந்த டி.வி.யிலும் அதே வெள்ளைப் புள்ளிதான். நானும் ராவுத்தரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருந்தாலும் கறிக்கடை இரண்டு கோல் போட்டபோது ராவுத்தர் தொடையில் தட்டினார். இல்லாத நடுவர் ஒருவர் அநியாயம் செய்ய, டிஷ் அண்ணன் அவரோடு சண்டைக்குப் போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். மழை விட்ட தெருவில் ஒரு ஆள் இல்லை. வீட்டுக்கு வீடு வெறும் புள்ளியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசி நிமிஷம் சமநிலை. எதிரணிக்குப் பெனால்டி. டிஷ் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"எறியுறான்... மாமா இடது பக்கமாப் பாஞ்சுட்டாக... முழங்கால் மடங்கிருச்சு. கோலு." நாற்காலியில் உட்கார்ந்தார். "நாம ஒரு கோல்ல தோத்துட்டோம்."

மைக்கை அணைத்துவிட்டு, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ராவுத்தருக்குப் பொறுக்கவில்லை. "ஏப்பா, ஆட்டத்த நடத்துனதே நீதான? ஜெயிக்க வச்சா யாரு கேக்கப் போறா? உன் சீசனே போச்சேப்பா."

"அதெப்படி ராவுத்தரே? பாக்காத ஆட்டத்த ஜெயிச்சோம்னு சொல்லிட்டு மாமா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

பார்க்காத ஆட்டத்தில் தோற்றோம் என்று மட்டும் சொல்லலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

பேச்சு மாறாத மனிதர். அடுத்த ஞாயிறு டிஷ் திரும்பி, சினிமா ஓடியது. முதல் பாட்டு முடிவதற்குள் என் மனைவியும் மற்றப் பெண்களும் மாடியேறினார்கள். நன்றி சொல்லப் போகிறார்கள் என்று நினைத்து நானும் பின்னால் போனேன்.

"படத்த அமத்துங்கண்ணே," என்றாள் என் மனைவி.

"நீங்க கேட்ட படம்தானம்மா?"

"அந்த மனுசனுக்கு முழங்கால் மடங்குச்சே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாகளா இல்லையா? ஒரு வாரமா ஒரு சேதியும் இல்ல."

டிஷ் அண்ணன் திகைத்துப்போனார். "டிஷ்ஷுதான் திரும்பிப் போச்சே. எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அன்னைக்கு மட்டும் தெரிஞ்சுச்சாக்கும்? சொல்லுங்கண்ணே. நாங்க கேட்டுக்கிறோம்."

அவர் மைக்கை எடுத்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மாமா இன்னும் ஒரு சீசன் ஆடுவதாகச் சொல்லியிருக்கிறார் என்று ஓடுகிற பாட்டுக்கு மேலேயே அறிவித்தார். அடுத்த வருஷம் முழுக்க, ஞாயிறு சினிமா முடிந்ததும், படமே இல்லாத ஒரு லீக் எங்கள் தெருவில் நடந்தது. அதிலும் மஞ்சள்சட்டை தோற்றது.

எனக்கு மாற்றலாகி வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போதும் அவரோடு ஃபோனில் பேசினால், மழை தண்ணி, ராவுத்தர் உடம்பு எல்லாம் விசாரித்த பிறகு, மாமா முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்காமல் நான் வைப்பதில்லை. டிஷ் அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அதுவரை நான் காத்திருப்பேன்.