நாளைய சட்டத்தில் குடியிருப்பவர்

துரத்திவிட்டார்களாம்! யார் சொன்னது? எதிர்வீட்டுக்காரி சொன்னாளா, படிக்கட்டில் நின்று ஊர்க்கதை அளக்கும் தையல்காரர் சொன்னாரா? யார் சொல்லியிருந்தாலும் அது பொய். என் மாப்பிள்ளையை ஆலையிலிருந்து யாரும் துரத்தவில்லை. அவராகவே எழுந்தார், அவராகவே பையை மாட்டினார், அவராகவே நடந்து போனார். சோம்பேறி என்றும் சொல்கிறார்களாம். சோம்பேறியா? செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் இருப்பதற்காக அந்த மனிதர் எவ்வளவு பாடுபட்டார் என்பது கூட இருந்து பார்த்த எனக்குத்தான் தெரியும்.

அவர் ஒரு தனி ரகம். நாளைய சட்டத்தில் குடியிருப்பவர்கள் என்று அந்த ரகத்துக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். நீங்களும் நானும் இன்றைக்கு இருக்கிற சட்டத்துக்குப் பயந்தோ, அதன் கண்ணில் மண்ணைத் தூவியோ காலம் தள்ளுகிறோம். இவர்கள் இன்னும் கட்டி முடிக்காத சட்டத்துக்குள் போய்ப் பாய் விரித்துப் படுத்துவிடுவார்கள். கூரை இருக்காது. மழை பெய்தால், ‘அடுத்த திருத்தத்தில் கூரை வருகிறது’ என்பார்கள்.

மாப்பிள்ளைக்குப் பெயிண்ட் ஆலையில் பாதுகாப்பு அதிகாரி வேலை. அந்த ஆலைக்கு இங்கே ஒரு கிளை, ஆற்றுக்கு அக்கரையில் வேறொரு அரசாங்கத்தின் கீழ் ஒரு கிளை, கடல் தாண்டி இன்னொன்று. சுற்றுச்சூழல், உடல்நலம், பாதுகாப்பு என்று ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி, மூன்று அரசாங்கமும் எதையாவது மாற்றப் போவதாக அறிவித்துக்கொண்டே இருக்கும். மாற்றுவதில்லை, மாற்றப் போவதாக அறிவிக்கும். அதற்கு ‘வரைவு’ என்று பெயர். வரைவைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாமாம். பொதுமக்கள் வாயைத் திறப்பதில்லை. அந்தக் குறை தெரியாமல் என் மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து வாய்விட்டுப் படிப்பார். கேட்டுக் கேட்டு, எந்த அரசாங்கம் எந்தப் பீப்பாய்க்கு எந்த நிற மூடி போடச் சொல்லப் போகிறது என்பது எனக்கே மனப்பாடம். புதிய வரைவு வந்துவிட்டால் பெண் பார்க்க ஆள் வந்த வீடு மாதிரி முகம் மலர்ந்திருக்கும். வந்த வரைவைத் திரும்பப் பெற்றுவிட்டால் துக்கம். தட்டில் கை வைக்க மாட்டார், நாமும் சத்தமாகப் பேசக் கூடாது. ஒருமுறை அவர் எழுதி அனுப்பிய கருத்தைக் கேட்டு, கடல் தாண்டிய அரசாங்கம் ஒரு ‘மற்றும்’ என்பதை ‘அல்லது’ என்று மாற்றிவிட்டது. பிள்ளை பெற்ற தகப்பன் மாதிரி தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார். வாங்கித் தின்றவர்கள்தான் இன்றைக்கு வம்பு பேசுகிறார்கள்.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயிண்ட் ஆலை அதிகாரியின் வீட்டுச் சுவர் எல்லாம் வெறும் சிமெண்ட். ஏன்? பெயிண்டில் எவ்வளவு ஈயம் இருக்கலாம் என்பதில் மூன்று அரசாங்கமும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. படிக்கட்டுக்குக் கைப்பிடி கிடையாது. ஓர் அரசாங்கம் இடுப்பு உயரம் என்கிறது, இன்னொன்று மார்பு உயரம் என்கிறது. நான் இரண்டுக்கும் பொதுவாகச் சுவரைத் தடவிக்கொண்டு இறங்குவேன். சமையலறை விளக்கு அணைந்தபோது என் மகளும் அவரும் பேசிக்கொண்டதைக் கேளுங்கள்.

“ஏங்க, சமையல்கட்டுல விளக்கு எரியல.”

“தெரியும். பாதரசம் இருக்கிற குழல்விளக்கை அக்கரையில தடை பண்ணப் போறாங்க.”

“நாம இக்கரையிலதானே இருக்கோம்?”

“இங்கேயும் வரும். இப்ப மாட்டினா அப்புறம் கழட்டணும்.”

“அதுவரைக்கும் நான் இருட்டுலயா சமைக்கிறது?”

“ஜன்னலைத் திறந்து வை.”

“சூரியனுக்கு எதுவும் வரைவு வரலையா? நல்லா பாத்துச் சொல்லுங்க. அப்புறம் மூடச் சொல்லாதீங்க!”

அவர் கோபப்படவில்லை. யோசித்தார். அதுதான் அந்த ரகத்தின் அடையாளம். கிண்டலைக்கூட ஒரு கருத்தாகப் பதிவு செய்துகொள்வார்கள். இன்னும் அடையாளம் வேண்டுமா? ‘முடியாது’ என்று ஒருநாளும் சொல்ல மாட்டார்கள். ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்பார்கள். ஓட்டைக் குடத்தைக் காட்டினால் ஓட்டையைப் பார்க்காமல் குடத்தின் வருங்காலத்தைப் பார்ப்பார்கள். கெட்டவர்களா என்றால், சத்தியமாக இல்லை. ஓர் எறும்பு மேல் கால் பட்டால் துடித்துப் போகிறவர் என் மாப்பிள்ளை. நல்லவர் என்பதால்தான் இவ்வளவு நாள் யாரும் அவரைக் கேள்வி கேட்கவில்லை.

இனி அந்த விசிறிக்கு வருகிறேன்.

ஆலையில் கலவை அறை என்று ஒன்று உண்டு. பெயிண்டையும் அதை இளக்குகிற தின்னரையும் பெரிய பெரிய பீப்பாய்களில் ஊற்றிக் கலக்கும் இடம். அந்த வாடையை இழுத்து வெளியே தள்ளச் சுவரில் ஒரு பெரிய விசிறி. ஒருநாள் அது நின்றுவிட்டது. எங்கள் கீழ்வீட்டுப் பெண் அந்த அறையில்தான் வேலை பார்க்கிறாள். அன்று மாலையே மேலே ஏறி வந்தாள்.

“அண்ணா, விசிறி ஓடலண்ணா. தலை கிர்ருங்குது.”

“எனக்குத் தெரியாதாம்மா? அதுக்காகத்தான் ராப்பகலா படிச்சிட்டிருக்கேன். இங்க வரப்போற விதிப்படி காத்தை மேலேருந்து இழுக்கணும். அக்கரையில தரையோட தரையா இழுக்கணும்கிறாங்க. கடல் தாண்டி, ஒவ்வொரு பீப்பாய் வாயிலயும் தனித்தனியா குழாய் வைக்கணுமாம். இப்ப எதை மாட்டுறது?”

“ஏற்கெனவே இருக்கிறதை ஓட விட்டா போதும்ணா.”

“அதை ரிப்பேர் பண்ணினா அப்புறம் கழட்டணுமே!”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

முதலாளிக்கு அவர்மேல் அப்படியொரு பாசம் பொங்கியது. செலவைத் தள்ளிப்போடச் சாக்குத் தேடும் ஆளுக்கு, மூன்று அரசாங்கத்தின் முத்திரையோடு சாக்குக் கிடைத்தால் கசக்குமா? “நம்ம சார் சொன்னா சட்டமே சொன்ன மாதிரி” என்று எல்லோர் முன்னாலும் அவர் தோளில் தட்டினாராம். கலவை அறையில் இருந்தவர்கள் முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டார்கள். ஈரத்துணியைப் பற்றி எந்த அரசாங்கமும் வரைவு போடவில்லை. ஆகவே அது உடனே அமலுக்கு வந்தது.

பிறகு ஒரு பட்டப்பகலில் நான் கடைக்கு இறங்கிப் போகிறேன், கீழ்வீட்டுப் பெண் தன் வீட்டுக் கதவு முன்னால் நிற்கிறாள். கையில் சாவி. பூட்டின் துவாரத்தை விட்டுவிட்டு மரத்தில் குத்துகிறாள், மறுபடி குத்துகிறாள். குடித்தவள் மாதிரி உடம்பு ஆடுகிறது. தண்ணீரைத் தவிர வேறொன்றும் குடிக்காதவள் அவள்.

“என்னடி ஆச்சு?”

“ரெண்டு பூட்டு தெரியுது பெரியம்மா. எதுல போடுறதுன்னு தெரியல.”

சாவியை வாங்கி நான் திறந்தேன். படுக்க வைத்துவிட்டு, மாப்பிள்ளை வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“மாப்ளே, அந்தப் பொண்ணு செத்துக்கித்துப் போனா எந்தக் கரை விதிப்படி எடுக்கிறது?”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “அத்தை, நாளைக்கு மூணு அரசாங்கமும் சேர்ந்து கருத்துக் கேக்கிற கூட்டம் இருக்கு. இதைத்தான் பேசப் போறேன். விடமாட்டேன் பாருங்க.”

விடவில்லைதான். மறுநாள் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே வீட்டுக் கால்சட்டையுமாக உட்கார்ந்து, திரை நிறையக் கட்டம் கட்டமாகத் தெரிந்த பெரிய மனிதர்கள் நடுவில் தன் முறை வந்ததும் அவர் பேசினார் பாருங்கள், நானே அடுப்பை மறந்து நின்றுவிட்டேன். தின்னர் வாடை மூளையை என்ன செய்யும், ஒரு பெண் தன் சொந்த வீட்டுப் பூட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றாள், இனியும் தாமதிக்கலாமா, புதிய விதியை உடனே கொண்டு வாருங்கள் என்று குரல் தழுதழுக்கப் பேசினார். கட்டங்கள் எல்லாம் கைதட்டின. எனக்கும் பெருமைதான்.

கூட்டத்தை நடத்திய அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

“அருமையா சொன்னீங்க சார். வரைவு அமலுக்கு வர நாளாகும். அதுவரைக்கும் இப்ப இருக்கிற விதிப்படி அங்க என்ன பண்ணியிருக்கீங்க?”

“இப்ப... இருக்கிற விதியா?”

“ஆமா சார், பழசு. விசிறி நின்னா அந்த அறையில ஆள் இருக்கக் கூடாது. மூணு இடத்துலயும் அது மட்டும் ஒண்ணுதான். ஆளை வெளியே அனுப்பியிருப்பீங்க, இல்ல?”

மாப்பிள்ளையின் உதடு அசைந்தது.

“சார், உங்க சத்தம் கேக்கல.”

சத்தம் இருந்தால்தானே கேட்கும்?

மூன்று அரசாங்கமும் எங்கெங்கே வேறுபடப் போகின்றன என்று தலைகீழாகச் சொல்லக்கூடிய மனிதர், அவை ஏற்கெனவே ஒத்துப்போன ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? பழைய விதிக்குத்தான் கருத்துக் கேட்க மாட்டார்களே! அன்று முழுவதும் அவர் ஒன்றும் படிக்கவில்லை. என் மகள் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள், கிண்டல் செய்யவில்லை.

“இப்ப என்ன பண்ணப் போறீங்க?”

“முதலாளிக்குப் போன் பண்ணினேன். ‘நீங்கதானே சார் புதுசு வரட்டும்னீங்க’ன்னு சிரிக்கிறார்.”

“அவர் சிரிக்கட்டும். நீங்க?”

மறுநாள் காலையில் அவர் முதல் ஆளாக ஆலைக்குக் கிளம்பிப் போனார்.

அங்கே நடந்ததைக் கீழ்வீட்டுப் பெண் கண்ணால் பார்த்தாள், தையல்காரர் பார்க்கவில்லை. நேரே கலவை அறைக்குப் போய், கலக்கும் இயந்திரத்தின் பெரிய சுவிட்சை இறக்கி, அதன்மேல் தன் பூட்டைப் போட்டு, “எல்லாரும் வெளியே வாங்க” என்றாராம். யாருக்கும் நம்பிக்கையில்லை. “எந்த ஊர் விதிப்படி சார்?” என்று ஒருவன் கேட்டிருக்கிறான். “நம்ம ஊர் விதிப்படிடா, வா” என்றாராம். எல்லோரும் முற்றத்தில் நின்று முகத்துணியை அவிழ்த்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது முதலாளி வந்தார்.

“என்ன சார் விளையாட்டு இது?”

“விசிறி ஓடாம உள்ள ஆள் இருக்கக் கூடாது சார்.”

“அது எப்பத்திலேருந்து?”

“எப்பவுமே.”

“எப்பவுமேன்னா இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“தப்பு பண்ணிட்டிருந்தேன் சார்.”

பதில் இல்லாதவர்கள் கத்துவார்கள். “பூட்டைத் திறங்க. இல்ல, வெளியே போங்க!” என்று முதலாளி கத்தியிருக்கிறார். இதைத்தான் துரத்தினார்கள் என்று ஊர் சொல்கிறது. எப்படித் துரத்தலாகும்? இரண்டு வழி சொன்னார், என் மாப்பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். “தொழிற்சாலை ஆய்வாளருக்குச் சொல்லியாச்சு சார். அவர் வந்து பாத்துட்டுத் திறக்கட்டும்” என்று சொல்லிவிட்டு மேசையைக் காலி செய்யப் போனார்.

ஆய்வாளர் வருகிறார் என்ற சொல்லுக்கு இருக்கிற வேகம் எந்த வரைவுக்கும் கிடையாது. மாப்பிள்ளை பையில் சாமான்களை அடுக்கி முடிப்பதற்குள் முதலாளி ஆள் பிடித்து ஏணியில் ஏற்றிவிட்டார். ஏறியவன் கை விட்டுப் பார்த்து மேலிருந்து கத்தினான்: “பெல்ட்டு அறுந்திருக்கு சார், வேற ஒண்ணும் இல்ல!” மேலே, கீழே, பீப்பாய் வாயிலே என்று மூன்று அரசாங்கம் மண்டையை உடைத்துக்கொண்டது ஒரு பெல்ட்டுக்கு. கீழ்வீட்டுப் பெண் இப்போது ஒரே ஒரு பூட்டைத்தான் பார்க்கிறாள்.

ஆலையில் அவர் உட்கார்ந்த நாற்காலி காலியாகவே இருக்கிறது. ஆள் தேடுகிறார்கள். வரப்போவது எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், வந்திருப்பது எதுவும் கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதான் தகுதி. கேட்கும்போதே உங்களுக்கு யார் யாரோ நினைவுக்கு வந்திருப்பார்கள். நல்லது. அவர்களை விடுங்கள். உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுகிறதே, ‘எப்படியும் இடித்துக் கட்டப் போகிறோம்’ என்று எவ்வளவு காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்? அந்த நாற்காலி உங்களுக்கும் சரியாகப் பொருந்தும் என்று எனக்குச் சந்தேகம். உட்கார்ந்து பார்க்காதீர்கள். எழுந்திருக்க நாளாகும்.

என் மாப்பிள்ளைக்கும் நாளாயிற்று. ஆனால் அன்று எழுந்துவிட்டார். பையை மாட்டிக்கொண்டு, முற்றத்தில் நின்றவர்கள் வழிவிட, ஆலை வாசலை நோக்கி நடந்தார். நடந்துகொண்டிருக்கும்போதே சட்டைப்பையில் போன் சிணுங்கியதாம். அது எந்தச் சிணுங்கல் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அக்கரையில் ஏதோ புது வரைவு. அவர் கை சட்டைப்பை வரைக்கும் போயிருக்கிறது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். கை திரும்பி வந்துவிட்டது. எடுக்கவில்லை. வாசலைத் தாண்டும் வரைக்கும் எடுக்கவில்லை.