வெள்ளை முதுகுக்கு ஆசைப்பட்டேன்

அன்புள்ள தங்கை மெய்ரோங்குக்கு,

ஷென்யாங்கிலிருந்து உன் அண்ணன் கெங் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் முதுகைத் தவிர. எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்பதை மன்னித்துவிடு. முதியோர் வகுப்பில் எழுபது வயதில் பழகிய கை; ஒரு வரி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஆனாலும் யாரையும் கெஞ்சாமல் நானே எழுதுகிறேன் பார், அந்தச் சந்தோஷத்தில் குளிர்கூடத் தெரியவில்லை.

எதிர்வீட்டு லிஹுவாவை உனக்குத் தெரியும். கணவனை இழந்தவள், நானும் தனிக்கட்டை. சேர்ந்து வாழலாமா என்று போன மாதம் கேட்டேவிட்டேன். அவள் புளித்த முட்டைக்கோஸை நறுக்கிக்கொண்டே, "இன்னொருத்தரையும் பறிகொடுக்க என்னால ஆகாது, பெரியவரே. ஞாயித்துக்கிழமை வந்து குப்புறப் படுங்க. குடுவை வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். பீச் பழம் அடைத்து வந்த கண்ணாடிக் குடுவைகளுக்குள் நெருப்புக் காட்டி, முதுகில் கவிழ்த்து, நோயை உறிஞ்சி எடுப்பதில் அவள் கெட்டிக்காரி. குடுவையை எடுத்ததும் வட்டம் வெளிர்சிவப்பாக இருந்தால் ஆள் திடம். கறுத்திருந்தால் உடம்பெல்லாம் ஈரமும் குளிரும் தங்கி நோயாகியிருக்கிறது என்று அர்த்தம்.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்குவதில்லையா? ஈரத்தையெல்லாம் முன்னதாகவே எடுத்துவிட்டால் அவள் வைக்கும்போது கறுக்காதே! சனிக்கிழமை பொதுக் குளியல் கூடத்துக்குப் போய், முதுகு தேய்த்துவிடும் பாங் என்பவன் முன் குப்புறப் படுத்து, "இடம் விடாம குடுவை வைப்பா" என்றேன். "யோவ் பெருசு, இது முதுகா, சோளக்கொல்லையா?" என்றபடியே வைத்தான். சுகத்தில் தூங்கிப்போனேன். எழுந்து கண்ணாடியில் பார்த்தால் முதுகு முழுக்கக் கத்தரிக்காய் நிறத்தில் வட்டங்கள்.

"இது எப்பப்பா போகும்?"

"இன்னும் ரெண்டு வாரம், வசந்த விழாவுக்குள்ள போயிடும்."

"நாளைக்கே போகணும்பா!"

கூடமே சிரித்தது. வீட்டைப் பெருக்கப் போனவன் குப்பையை வாசலில் குவித்துவிட்டு வந்தேன்.

ஞாயிறன்று அவள் வீட்டில் கோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

"கழட்டுங்க."

"குளிருது."

"குளிருதா? நெத்தியில ஆறு ஓடுது!"

காலரைப் பிடித்து இழுத்தாள். பார்த்தாள். குடுவைகளை அலமாரியில் வைத்துவிட்டு, "வீட்டுக்குப் போங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

முடிந்தது, மெய்ரோங். தினமும் எதிர்க்கதவைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. உன் வீட்டுக்கே வந்துவிடுகிறேன். ஜன்னலோரக் கட்டிலை ஒழித்துவை. மாப்பிள்ளைக்கு என் வணக்கம், பேத்திக்கு என் ஆசி. உங்கள் வீட்டில் எல்லோரும் குளிர்காற்றுப் படாமல், கணகணப்பாக நெடுங்காலம் வாழுங்கள்.

உன் அசட்டு அண்ணன்,
கெங்

பின்குறிப்பு: கட்டிலை ஒழிக்காதே! தபால்தலை ஒட்டும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. லிஹுவா, கையில் கொழுக்கட்டைக் கிண்ணம். பாங்கிடம் போன கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "என் வீட்டுக்காரர் முதுகு பால் மாதிரி இருக்கும். எத்தனை தடவை வச்சாலும் வட்டமே விழாது. ஊரே பொறாமைப்பட்டுச்சு. ஒரு நாள் காலைல எழுந்திரிக்கவே இல்ல. உங்களுதும் அப்படி வெள்ளையா இருந்துடுமோன்னுதான் பயந்துட்டிருந்தேன். கறுப்பைப் பாத்ததும் அழுகை வந்துடுச்சு, அதான் போகச் சொன்னேன். உள்ள இருக்கறது வெளிய தெரியற முதுகு போதும் எனக்கு" என்றாள். கல்யாணத்துக்கு நீதான் இங்கே வர வேண்டும். மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன். இப்போது இஞ்சிச்சாறு தேய்க்கச் சட்டையைக் கழற்றச் சொல்கிறாள். தங்கைக்கு இதற்குமேல் எழுதுவது முறையில்லை.