வழிகாட்டி முனியப்பன்

ஆய்வுக் குழு வந்து சேர இன்னும் இருபத்தேழு மணி நேரம் இருந்தது. அதற்குள் முதல் பாறைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அரளி மாலையும் போட்டிருந்தார்கள்.

கவிப்பிரியா பாறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கையால் போட்ட குறிதான். மேலே ஒரு வெள்ளைப் பட்டை, கீழே ஒரு சிவப்புப் பட்டை. பல தேசங்களில் மலையேறுகிறவர்களுக்கு 'இந்தப் பக்கம் போ' என்று சொல்லும் குறி. அதே இரண்டு நிறமும் தர்மபுரி மாவட்டத்தில் வேறொன்றைச் சொல்லும் என்பது, பெயிண்ட் டப்பாவைத் திறந்தபோது அவளுக்குத் தோன்றவில்லை. அதியமான்கோட்டையில் பிறந்து, கோயில் மதிலை ஒட்டியே நடந்து கல்லூரிக்குப் போனவள். தோன்றியிருக்க வேண்டும்.

பாறைக்கு முன்னால் மாதம்மாள் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நெல்லிக்கொட்டாய் என்ற அந்தச் சிற்றூரில் வெள்ளாடு வளர்ப்பவள். ஆடுகள் பின்னால் நின்று, மாலையை எப்போது தின்னலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தன.

"அக்கா, இது என்னங்க?"

"முனியப்பன் கண்ணு. செருப்ப அங்கியே வுட்டுட்டு வா."

கவிப்பிரியா செருப்பைக் கழற்றினாள். யார் எது சொன்னாலும் முதலில் செய்துவிட்டுப் பிறகு யோசிப்பது அவள் சுபாவம்.

"இது வழி தெரியறதுக்கு நான் போட்ட குறிங்க்கா."

"அதாங் கண்ணு, வழிகாட்டி முனியப்பன்னு பேரு வச்சிருக்கறம்."

"எப்ப இருந்துங்க?"

"நீ மேல பக்கம் குறி போடப் போயிருந்தியே, அப்ப இருந்து."

ஒரு வாரமாக அவள் ஆற்றின் மேற்பகுதியில் வேலையாக இருந்தாள். திரும்பி வந்தால் இப்படி.

நெல்லிக்கொட்டாயில் தொடங்கி, ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்போடு போய், அருவிக்கு எதிரே முடியும் நடைபாதை அது. அவள் புவியியல் எம்.எஸ்சி. முடித்ததும் கிடைத்த முதல் வேலை. மூன்று மாதத் தற்காலிக வேலைதான். சென்னையிலிருந்து வரும் குழு நடந்து பார்த்துச் சரி என்றால் அவள் இங்கேயே வழிகாட்டியாக இருக்கலாம். இல்லையென்றால் வீட்டுக்கு. அங்கே அப்பா வங்கித் தேர்வுப் புத்தகங்களை மேசையில் அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அவளுக்கு இந்தப் பாறை போதும். சுண்ணாம்பு கலந்த பாறை. ஆறு அதை அறுத்து இறங்கி, இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிவிட்டிருந்தது. மழைத்தண்ணீர் மேற்பரப்பைச் சீப்பால் வாரியதுபோல் வரிவரியாக அரித்திருந்தது. காலை வெயிலில் சுவர் பழுப்பாகத் தெரியும்; மத்தியானம் வெளுக்கும்; சாயங்காலம் ரோஸ் நிறமாகும். இதைப் பார்த்துவிட்டு வட்டி விகிதம் படிக்க முடியாது.

அவள் திட்டப் பொறுப்பாளர் ஜெயபாலுக்குப் போன் செய்தாள்.

"சார், மொதப் பாறையைச் சாமி ஆக்கிட்டாங்க."

"யாரு?"

"ஊர்ல."

ஜெயபால் பெருமூச்சு விட்டார். "இந்த சனங்களே இப்பிடித்தான்மா. எதைக் கண்டாலும் கும்புடறது. வழிபாட்டு எடம்னு தெரிஞ்சா குழுத் தலைவி மேடம் பாதையவே ரத்து பண்ணிருவாங்க. நீ சயின்ஸ் படிச்ச பொண்ணு, புரிய வை."

"குறிய அழிச்சிரட்டுங்களா சார்? தின்னர் இருக்குது."

"அழிக்காத." இது மட்டும் சட்டென்று வந்தது. "அழிக்கக் கூடாது. ஊர்க்காரங்க மனசு புண்படும். வேற எதாச்சும் பண்ணு."

அவள் வேறு ஏதாவது செய்தாள். அட்டையில் பெரிய எழுத்தில் 'இது சாமி அல்ல, பாதைக் குறி' என்று எழுதி, கம்பு நட்டு மாட்டினாள். பிறகு டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது கம்புக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தது. அட்டையின் வெற்றிடத்தில் கரிக்கட்டியால் யாரோ அழகாக எழுதியிருந்தார்கள்: 'காலணியைக் கழற்றவும்.'

"பலகை இல்லாம இருந்துச்சு கண்ணு. வெச்சு நல்ல காரியம் பண்ண," என்றாள் மாதம்மாள்.

"அதுல என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சீங்களா?"

"சாமின்னு எழுதியிருக்குது. என்ற மருமவ படிச்சுச் சொன்னா."

"முழுசா படிக்கலீங்களா?"

"வெயிலு கண்ணு. யாரு நின்னு முழுசாப் படிக்கறது?"

கவிப்பிரியாவுக்குக் கோபம் வரவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் காது மட்டும் சிவக்கும். அவள் தன் பையைத் திறந்து நீர்த்த அமிலம் இருந்த சின்னக் குப்பியை எடுத்தாள். பேசிப் புரிய வைக்க முடியாததைச் செய்து காட்டிப் புரிய வைக்கலாம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, எல்லாரையும் கூப்புடுங்க. இது என்ன கல்லுன்னு காட்டறேன்."

வந்தார்கள். முதல் வரிசையில் ஏழெட்டுப் பெண்கள், பின்னால் பீடியோடு நாலு ஆண்கள். இத்தனை பேர் முகத்தைப் பார்த்ததும் கவிப்பிரியாவின் குரல் உள்ளே போய்விட்டது.

"இது கல்லுதானுங்க. சுண்ணாம்பு இருக்கற கல்லு. இந்தச் சொட்டு பட்டா..."

மீதியை அவள் சொல்லவில்லை. பெயிண்ட் இல்லாத இடமாகப் பார்த்து நாலு சொட்டு விட்டாள். பாறை சுர்ரென்று நுரைத்தது. வெள்ளை வெளேரென்று பொங்கி, குங்குமத்தைத் தொட்டு, இளஞ்சிவப்பாக வழிந்தது.

முன்வரிசைப் பெண்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள்.

"பால் பொங்கிருச்சு," என்றாள் மாதம்மாள் மெல்ல.

"அது கார்பன் டை ஆக்சைடுங்க்கா."

"எதுவோ. பொங்குச்சில்ல?"

அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பீடியைக் கூட அணைத்துவிட்டார்கள். ஒருவர் கவிப்பிரியாவைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, உங்க வூட்டுலயும் முனியப்பன்தான் கொலசாமிங்களா?"

மத்தியானத்துக்குள் செய்தி பக்கத்துக் கொட்டாய்களுக்குப் போயிற்று. இரு சக்கர வண்டிகளில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். முதல் பாறையில் இடம் போதவில்லை. அடுத்த குறி எங்கே என்று தேடினார்கள். தேடச் சிரமமே இல்லை, ஒரு குறியிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரிகிற மாதிரி அவள்தான் கவனமாகப் போட்டிருந்தாள். நாலு மணிக்கு அருவி வரை எல்லாக் குறிக்கும் குங்குமம் ஏறியிருந்தது. கடைசிப் பாறையில் ஒரு எலுமிச்சம்பழம்.

அவளுடைய பாதையை இத்தனை பேர், ஒருவர்கூட வழி தவறாமல் நடந்து முடித்தார்கள் என்பதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சிக்கல் காலில் இருந்தது. எல்லாப் பாறையும் சாமி என்றால் பாதை முழுக்கச் செருப்பு கூடாது. ஊர்க்காரர்களின் பாதத்துக்கு அந்த வரிப்பாறை ஒரு பொருட்டில்லை. சென்னைப் பாதத்தை அது கத்தரித்துவிடும்.

"அவங்க பூட்ஸ் போட்டுக்கட்டுங்க்கா. டவுனு ஆளுங்க."

"போட்டுக்கட்டும் கண்ணு. நான் ஒண்ணுஞ் சொல்லல. முனியப்பன் சொன்னா நான் பொறுப்பில்ல."

ஆகவே கவிப்பிரியா பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கமிருந்து மஞ்சள் ஏற்றி வந்திருந்த லாரிக்காரரைக் கெஞ்சி, பழைய சாக்குகளை வாங்கினாள். வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று, கூரான இடங்களிலெல்லாம் விரித்தாள். இருட்டும்போதுதான் முடிந்தது. எல்லாச் சாக்கும் மஞ்சள் நிறம் என்பதை அவள் களைப்பில் கவனிக்கவில்லை.

ஊர் கவனித்தது. நடைவிரிப்பு போட்டிருக்கிறது, சென்னையிலிருந்து பெரிய அம்மா சாமி கும்பிட வருகிறார். சும்மா இருந்தால் ஊருக்கு மரியாதை இல்லை.

மறுநாள் காலை குழுவின் ஜீப் வந்து நின்றபோது பம்பை முழங்கியது.

குழுத் தலைவி சுமலதா கீழே இறங்கினார். ஐம்பது வயது, குட்டை முடி, எத்தனையோ மலை பார்த்த பூட்ஸ். கூட இரண்டு அலுவலர்கள். பின் சீட்டிலிருந்து ஜெயபால் இறங்கி, பாறையைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தார். யாரோ சுமலதாவின் கழுத்தில் மாலை போட்டார்கள். மாதம்மாள் வாழையிலையில் பொங்கலை நீட்டினாள்.

"இது என்ன விசேஷம்?" என்றார் சுமலதா.

அவர் பலகையைப் படித்தார். முழுதாகப் படித்தார். பிறகு குனிந்து பூட்ஸைக் கழற்றி, காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொண்டு, "சரி, நடப்போம்," என்றார்.

முதல் அரை மணி நேரம் கவிப்பிரியா வாய் திறக்கவில்லை. பாதை இடுக்கில் திரும்பியதும், ஆறு சட்டென்று காலுக்குக் கீழே, ஆழத்தில், பச்சையாகத் தெரிந்தது. எதிர்ச்சுவரில் பறவைகள் புள்ளிகளாக ஒட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர்ச் சத்தம் கீழேயிருந்து வராமல் சுவரிலிருந்து வருவதுபோல் இருந்தது.

சுமலதா நின்றுவிட்டார். "இந்தச் சுவர் எப்பிடிம்மா இப்பிடி நேரா வந்துச்சு?"

கேட்டது பாறையைப் பற்றி. கவிப்பிரியாவுக்குக் கூச்சம் மறந்துவிட்டது. பாறையில் முதலில் விழுந்த விரிசல், அதில் நுழைந்த மழை, மழையில் கரைந்த சுண்ணாம்பு, விரிசலைப் பிடித்துக்கொண்டு இறங்கிய ஆறு என்று சொல்லிக்கொண்டே போனாள். குழு அவள் பின்னால் சாக்கு சாக்காகத் தாண்டி வந்தது. பொங்கல் இலையோடு பின்னால் வந்த மாதம்மாள்கூட, "அடேங்கப்பா, தண்ணியா இதையெல்லாம் அறுத்துச்சு? நம்ம ஆறா?" என்று கேட்டு, கீழே ஆற்றைப் புது மரியாதையோடு பார்த்தாள்.

அருவிக்கு எதிரே, எலுமிச்சம்பழம் வைத்த பாறையருகே எல்லோரும் உட்கார்ந்தார்கள். சாரல் முகத்தில் அடித்தது.

"நான் பார்த்த பாதைகள்ல இதுல மட்டுந்தான் எனக்குத் திரும்பவும் நடக்கணும்னு தோணுது," என்றார் சுமலதா. பிறகு ஜெயபால் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன, மாறுதல் ஆர்டர் வந்தாச்சு. அடுத்த வாரம் தர்மபுரி டவுன்ல உக்காந்துக்குவீங்க. இத நான்தான் பார்த்தாகணும். குறிங்களக் கொஞ்சம் தள்ளி வேற பாறையில போட்டுக்கலாம், அது சின்ன வேலை. ஆனா பாதை போடற எடத்துல நம்ம ஆளே ஒரு கோயில ஆரம்பிச்சு வெச்சா, அவங்க இந்தத் திட்டத்துல இருக்க முடியாது. விதி அப்பிடி. யாரு ஆரம்பிச்சது?"

ஜெயபால் தொண்டையைச் செருமினார். "மேடம், சொல்லக் கூடாது, சின்னப் பொண்ணு. வெள்ளையும் செவப்பும் அடிச்சது இவதான். பலகை வெச்சது இவ. ஆசிட் ஊத்திப் பால் பொங்க வெச்சது இவ. சாக்கு விரிச்சது இவ. இந்த சனங்களுக்கு என்ன தெரியும், பாவம்? காட்டுனதக் கும்புடுவாங்க."

ஒவ்வொன்றும் உண்மை. கவிப்பிரியாவின் காதுகள் சிவந்தன. அவள் எதிர்ச்சுவரைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அது வெளுக்கத் தொடங்கும். அதை இனி பார்க்க முடியாது என்று நினைத்தபோது கண் கரித்தது.

"அப்பிடியாம்மா?" என்றார் சுமலதா அவளிடம். "நீதான் மொதல்ல ஆரம்பிச்சியா?"

அவள் வாய் திறப்பதற்குள் மாதம்மாள் வாழையிலையைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஜெயபாலைப் பார்த்து மரியாதையாகச் சொன்னாள்.

"இந்தப் புள்ள போட்டது வழிக்குறின்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியுமுங்க சார், நீங்க தனியா வந்து, அதுக்கு மொத சூடம் ஏத்தி, டவுனுக்கு மாத்தலானா கெடா வெட்டறேன்னு வுழுந்து கும்புட்டப்பதான், ஆபீசரே கும்புடறாரேன்னு நாங்களும் கும்புட்டோம். மாத்தல்தான் வந்துருச்சுங்களே, கெடாய எப்பங்க புடிச்சுக்கறீங்க?"