காற்றின் உரிமையாளர் யார்?

உலக நாகரிகத்தின் உச்சம் எது என்று யாராவது கேட்டால், பிராம்லிங் நகர மன்றத்தின் தோட்டக் கழிவு சேகரிப்புச் சேவை என்று தயங்காமல் சொல்வேன். இங்கிலாந்தில் இதைவிடப் பெரிய மன்றங்கள் இருக்கலாம். ஆனால் பழுப்புக் குப்பைத் தொட்டியின் கைப்பிடி சாலையைப் பார்த்திருக்க வேண்டுமா, வீட்டைப் பார்த்திருக்க வேண்டுமா என்பதற்கு ஒரு துணைக்குழு அமைத்து, பதினோரு மாதம் ஆய்ந்து, 'சாலையை' என்று கண்டறிந்த மன்றம் எங்களுடையது மட்டுமே. அந்தத் துணைக்குழுவின் செயலாளர் நான். பெயர் ரஸ்ஸல் ஹின்ச்லிஃப். பதவி, பசுமைத் தொடர்பு அலுவலர்.

சேவை மிக எளிது. ஆண்டுச் சந்தா கட்டினால் ஒரு ஸ்டிக்கர் வரும். அதைத் தொட்டியில் ஒட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலை ஆறரைக்குள் தொட்டி வாசலில் நிற்க வேண்டும். மூடி முழுதாக மூடியிருக்க வேண்டும். நவம்பர் நடுவில் சேவைக்குக் குளிர்கால விடுமுறை. இலைகள் மும்முரமாக உதிர்வது நவம்பரில்தான் என்று சிலர் குறை சொன்னார்கள். இலைகள் எங்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்று பதில் அனுப்பினோம்.

செக்ஸ்டன் தெருவில் ஆலிவ் பேஜெட் என்றொரு பெண்மணி இருந்தார். எண்பத்தோரு வயது. முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். அவர் வீட்டு வாசல் நடைபாதையில் ஒரு பெரிய லிண்டன் மரம். நூற்றிருபது வயது. மரம் மன்றத்தின் சொத்து. அதன் இலைகளோ ஆண்டுதோறும் ஆலிவின் தோட்டத்தில் முழங்கால் உயரத்துக்கு விழும்.

ஒரு அக்டோபர் காலையில் அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"உங்க மரத்து இலை என் தோட்டத்துல கிடக்கு கண்ணு. வந்து எடுத்துட்டுப் போறீங்களா?"

"சந்தா கட்டியிருக்கீங்களா மிஸஸ் பேஜெட்?"

"உங்க பொருளை நீங்க எடுத்துட்டுப் போக நான் எதுக்குச் சந்தா கட்டணும்?"

விதியை விளக்கினேன். மரத்தில் இருக்கும்வரை இலை மன்றத்துடையது. வேலியைத் தாண்டித் தரையைத் தொட்டதும் அது குடியிருப்பாளரின் சொத்து.

"நடுவுல, காத்துல இருக்கும்போது?"

அதுபற்றி விதி இல்லை. நேர்மையாகச் சொன்னேன். இலை பற்றிக் கேட்டால் 'இல்லை' என்பதே எங்கள் வழக்கம்.

"மரத்து மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது" என்றார் அவர். "இந்தத் தெருவுலயே நல்ல பக்கத்து வீட்டு ஆளுன்னா அதுதான். கோடையில என் முன்னறைக்கு அதுதான் நிழல். இலையை மட்டும்தான் எடுக்கச் சொல்றேன்."

அந்த வாரம் அவர் இலைகளை நடைபாதைக்குப் பெருக்கித் தள்ளினார். பொது இடத்தில் குப்பை கொட்டியதாக அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. நானே எழுதினேன். கனிவான கடிதம்.

அதற்குப் பிறகு அவர் துடைப்பத்தைத் தொடவே இல்லை. மேற்குக் காற்று அடிக்கும் நாட்களில் தோட்டத்து வாசல் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, தேநீர்க் கோப்பையோடு படியில் நின்றார். அவ்வளவுதான். இலைகள் தாமாகவே எழுந்து வெளியேறின.

நான் நேரில் போனேன்.

"மிஸஸ் பேஜெட், கதவு திறந்திருக்கு."

"என் கதவு கண்ணு."

"அதனால காத்து இலையை வெளிய தள்ளுது."

"காத்து என்னோடது இல்லையே. அதுக்கு ஒரு கடிதம் போட்டுப் பாருங்க. முகவரி மேற்குதான்."

பக்கத்து வீட்டு விதானேஜ் என்ற ஓய்வுபெற்ற பல் மருத்துவர் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். "நானும் திறந்து வைக்கலாமா ஆலிவ்?"

"கதவுன்னா திறக்கத்தானே."

மறுநாள் தெருவில் இருபத்தேழு கதவுகள் திறந்திருந்தன. காற்று அன்று உற்சாகமாக இருந்தது. இலைகள் செக்ஸ்டன் தெருவை நிறைத்து, தபால் நிலையத்தருகே திரும்பி, சரிவில் இறங்கி, ஊர்வலம்போல மன்ற அலுவலக வளாகத்துக்குள் நுழைந்தன. வழியில் யாரும் அவற்றைத் தடுக்கவில்லை. பேக்கரிக்காரர் வெளியே வந்து கைதட்டினார். என் மேலதிகாரி டெரன்ஸ் கிளட்டர்பக்கின் கார் கூரைவரை மூழ்கியது. அவர் கார் எங்கே என்று அலாரத்தை ஒலிக்கவிட்டுத்தான் கண்டுபிடித்தோம்.

அவசரக் கூட்டம் கூடியது. பொருள்: காற்றின் உரிமை. மூன்று அமர்வுகள், ஏழு தட்டு பிஸ்கட். முதல் அமர்வில், இயற்கைக் காற்று அனுமதிக்கப்படும், மின்விசிறிக் காற்றுக்கு உரிமம் தேவை என்று முடிவானது. இரண்டாவதில், கதவைத் திறப்பது 'காற்றுக்கு உடந்தை' ஆகுமா என்று சட்டப் பிரிவைக் கேட்டோம். குடியிருப்பாளர்கள் வீட்டைவிட்டு வெளியே வர வேறு வழி இல்லை என்று அவர்கள் வருத்தத்தோடு எழுதினார்கள்.

மூன்றாம் அமர்வில் டெரன்ஸ் மேசையைத் தட்டினார்.

"நாம கிளை கிளையாப் பேசிட்டிருக்கோம். பிரச்சினையோட வேரைப் பார்க்கணும். ரஸ்ஸல், எழுதிக்கோங்க. 'வேரோடு களைதல்.'"

அழகான சொற்றொடர் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டேன்.

"இலை எங்கிருந்து வருது?" என்றார் டெரன்ஸ்.

இவ்வளவு காலமாக யாருமே கேட்காத கேள்வி அது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டிகள் வந்துவிட்டன. எங்கள் மன்றத்தில் எந்த வேலையும் அவ்வளவு விரைவாக நடந்து நான் பார்த்ததில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பாதி மரம் தரையில் கிடந்தது. ரம்பம் நின்ற இடைவெளிகளில் ஒரு புறா எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பறக்கும் சிறகோசை கேட்டது.

ஆலிவ் வீட்டு உடையிலேயே நடைபாதையில் நின்றார். கையில் கோப்பை இல்லை.

"நான் இலையைத்தானே எடுத்துட்டுப் போகச் சொன்னேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை.

"சேவையை விரிவுபடுத்தியிருக்கோம் மிஸஸ் பேஜெட்" என்றேன். வேறென்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு வாக்கியம் அச்சிட்டு இருந்தது. இதற்கு இதுதான் இருந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். "உங்களை நான் பஸ்ஸுல ஏத்தியிருக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வாசல் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து மணிக்குள் வெயில் அவருடைய முன்னறைச் சுவர்வரை வந்துவிட்டது. நவம்பர் வெயில்தான். ஜூலையில் எப்படி இருக்கும் என்று கணக்கிட எங்களிடம் படிவம் இல்லை.

இந்த ஆண்டு இலைப் புகார்கள் பூஜ்யம். டெரன்ஸுக்கு மாவட்டத்தின் 'பசுமைச் சாதனையாளர்' விருது கிடைத்தது. மேடையில் அவருக்கு ஒரு மரக்கன்றைப் பரிசளித்தார்கள். பிளாஸ்டிக்.

நாங்கள் எதையும் தாமதமாக எடுப்பவர்கள் என்று இனி யாரும் பழி சொல்ல முடியாது. சந்தா கேட்காமல், ஸ்டிக்கர் பார்க்காமல், மூடி மூடுகிறதா என்று குனிந்து நோக்காமல், ஒரே காலையில் வந்து சுத்தமாக எடுத்துப்போனோம். பதிவேட்டில் அதற்கென்று தனிப் பிரிவு கிடையாது. நூற்றிருபது வருடம் நின்ற அந்த மரத்துக்கு நேராக, 'தோட்டக் கழிவு' என்று என் கைப்படத் தெளிவாக எழுதி, கையெழுத்திட்டேன்.