வெள்ளிக்கிழமை வேட்டி

சிவகாசியின் அச்சக ரகசியங்களை இடுப்பில் கட்டிக்கொண்டு பட்டப்பகலில் உலவிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு வேனில் ஆள் ஏற்றிப்போய் ஓய்ந்தவர். பெற்றோர் வைத்த பெயர் ஏதோ இருந்திருக்கும். எங்களுக்கு அவர் கலர்வேட்டி அண்ணாச்சி.

எங்கள் தெருவில் இருபத்தெட்டு வீடு; ஒரே போர்க்கிணறு, ஒரே தொட்டி. தெருவுக்குப் பின்னால் ஓர் அச்சகம். அங்கே மை கழுவிய தண்ணீர் பின்புறக் குழியில் இறங்கி, நேராக எங்கள் போருக்கு வந்து சேர்ந்தது. குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினோம். குளிக்கவும் துவைக்கவும் தொட்டிதான். பக்கத்து வீட்டுச் செல்லத்தாயின் பேத்திக்கு உடம்பெல்லாம் சொறி. எனக்கு ஓயாத அரிப்பு. நான்கு சோப்பு மாற்றிப் பார்த்தேன், அரிப்பு மாறவில்லை.

துணியில் நிறம் ஏறுவது தெரியக்கூடாதென்று தெருவே காப்பிப்பொடி நிறச் சட்டைக்கு மாறியது. அண்ணாச்சி மட்டும் மாறவில்லை. வியாழக்கிழமை வேட்டியை ப்ளீச்சிங் பவுடரில் வெளுப்பார். வெள்ளிக்கிழமை தொட்டித் தண்ணீரில் அலசுவார். எந்த நிறம் வந்ததோ, அதையே கட்டிக்கொண்டு வாரம் முழுக்க ஊர் சுற்றுவார்.

“மனு ஆபீசுல படுத்துக்கிடும். வேட்டி படுக்காதுல்ல? நா போற இடமெல்லாம் வந்து சாட்சி சொல்லும்.”

ஆமத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு நீல வேட்டியில் போனார். சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார் என்று தனி இலை போட்டார்கள். அதே வீட்டு மறுவிருந்துக்கு மஞ்சள் வேட்டி. பழனி பாதயாத்திரை என்றார்கள். மூன்றாவது வாரமும் அங்கே ஒரு விசேஷம்; வேட்டி சிவப்பு. அம்மனுக்கு என்றார்கள். மூன்று வாரத்தில் மூன்று சாமி! பெண்ணின் பெரியம்மா பொத்தென்று காலில் விழுந்துவிட்டார்.

“எந்திரிங்கத்தா, நா சாமியில்ல. இது எங்க தெரு போர்த் தண்ணி.”

“அம்புட்டுச் சக்தியுள்ள தண்ணியா? எனக்கு ஒரு சொம்பு கொண்டாந்து தாங்க சாமி!”

தண்ணீரைப் பற்றிக் கொடுத்த பதினேழு மனுக்களுக்குப் பிறகு ஒருவழியாக ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அண்ணாச்சி காலையிலேயே தொட்டித் தண்ணீரை ஒரு குடத்தில் பிடித்து, செல்லத்தாய் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, அதிகாரியை அழைத்துவரப் போனார். நல்ல செங்கல் நிறத் தண்ணீர். வந்த அதிகாரி அவசரக்காரர். குடத்திலிருந்து பாட்டிலில் பிடித்தார். ஒரு வாய் குடித்தும் பார்த்தார்.

“தண்ணி இளநி மாதிரி இருக்கே. இதுக்கா இத்தனை மனு?”

தொட்டியைக் காட்டக் கூப்பிடுவதற்குள் ஜீப் போய்விட்டது. அண்ணாச்சி செல்லத்தாயைப் பார்த்தார். அவள் தலை நிமிரவே இல்லை.

“ஏத்தா, என்ன காரியம் செஞ்ச?”

“குடத்தக் கழுவிட்டுக் கேன் தண்ணி ஊத்தி வச்சேன். வீடு தேடி வந்த மனுசனுக்குச் செவப்புத் தண்ணியவா குடுப்பாக? நம்ம தெருவப் பத்தி என்ன நெனப்பாரு?”

“உம் பேத்தி சொறியப் பத்தியும் நெனச்சிருக்கலாம்ல!”

செல்லத்தாய் அழுதாள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அச்சகங்களுக்குக் காலண்டர் ஆர்டர் பிடித்துத் தரும் ஏஜென்டுகள் கூடும் டீக்கடைக்குப் போனார். அன்று கட்டியிருந்தது பச்சை.

ஏஜென்டுகள் கண்ணுக்கு வேலை கற்றுத்தர வேண்டுமா? “ஏலே, இது உரக்கம்பெனி காலண்டர் பச்சைலே! ஆர்டர் இவுக பின்வீட்டு அச்சகத்துலதான் ஓடுது!” படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். போட்டி அச்சகத்துக்காரர் அன்றே உரக்கம்பெனிக்கு விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டார். அடுத்த வெள்ளி அரக்குச் சிவப்பு. ஒரு நகைக்கடை ஆர்டரும் கை மாறியது. அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் டீக்கடையில் உட்கார இடம் கிடைப்பதில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அச்சக முதலாளியின் கார் எங்கள் தெருவுக்குள் முதல்முறையாக நுழைந்தது.

“அண்ணாச்சி, என் பொழப்பக் கெடுக்கீகளே! புதுசா ஒரு டஜன் வேட்டி எடுத்துத் தாரேன். வெள்ளையாக் கட்டுங்க.”

“தாராளமாத் தாங்க மொதலாளி. ஆனா துவைக்கிறது நம்ம தண்ணியிலதான்.”

முதலாளி தொட்டியைப் பார்த்தார். அன்று தண்ணீர் நல்ல ஊதா. இன்னும் யாரும் கண்டுபிடிக்காத ஓர் ஆர்டரின் ஊதா. அவர் முகம் வெளுத்தது. எங்கள் சொறிக்கும் அரிப்புக்கும் இரங்காத மனிதர், காலண்டர் சீசன் போய்விடும் என்றதும் உடனே குழியை மூடினார். மை கழுவும் தண்ணீரைச் சுத்தம் செய்ய உள்ளேயே ஒரு தொட்டியும் கட்டினார்.

இரண்டு மழைக்காலம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். இருபத்தெட்டு வீடும் வெளியே வந்து பார்த்தது. வேட்டி பளீரென்று வெள்ளை.

“சாமி மலையெறங்கிட்டாரு!” என்றாள் செல்லத்தாய். இடுப்பிலிருந்த பேத்தியின் கையில் ஒரு வடுகூட இல்லை.

எனக்கு மட்டும் ஒரு குறை. முன்பெல்லாம் பஸ் ஸ்டாண்டில் எவ்வளவு கூட்டமிருந்தாலும் அண்ணாச்சி தூரத்திலேயே தெரிவார். இப்போது எல்லாம் வெள்ளை. புரை விழுந்த கண்ணை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேட்டியாக எண்ணிக்கொண்டே நிற்கிறேன், “என்ன, தேடுதீகளா?” என்று அவரே வந்து தோளைத் தொடும்வரை.