நீலப் பட்டை மாப்பிள்ளை

தண்ணீர்ப் பூங்காவுக்குப் போவது, ஆனால் தண்ணீரில் இறங்காமலே திரும்பி வருவது. இப்படி ஒரு தீர்மானத்தைக் கண்டனூர் மெய்யநாதன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே நிறைவேற்றினார். ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

அவருக்கு நீச்சல் தெரியாது. அது ஒன்றும் குற்றமில்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஊருணி என்றால் அங்கே குடிதண்ணீர். குடத்தை முக்கலாம், காலை நனைக்கக் கூடாது. நனைத்தால் காவல்காரர் கம்போடு வருவார். ஆக அவர்களுக்கு நீச்சல் வராததற்குக் காரணம் சோம்பல் இல்லை, ஒழுக்கம்.

ஆனால் மெய்யநாதனுக்கு வாய் சும்மா இருக்காது. கல்யாணமான புதிதில், கானாடுகாத்தான் மாமனார் வீட்டு விருந்தில், மூன்றாவது பணியாரத்துக்கும் நான்காவது பணியாரத்துக்கும் நடுவே, பத்து வயதிலேயே தங்கள் ஊர் ஊருணியைக் குறுக்கே நீந்திக் கடந்ததாகச் சொல்லிவிட்டார். கருவறைக்குள் கிரிக்கெட் ஆடினேன் என்பதற்குச் சமமான பேச்சு அது. இருந்தும் ஒருத்தரும் மறுக்கவில்லை. மாப்பிள்ளை சொல்வதை மறுப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. மாமனார் "அப்படிங்களா" என்றார். மாமியார் ஐந்தாவது பணியாரத்தை வைத்தார்.

மறுக்கவில்லை என்றால் நம்பிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டவர், பதினேழு வருஷமாக அந்தக் கதைக்கு உரம் போட்டு வளர்த்து வந்தார். ஒரு தடவை கடந்தது ஏழு தடவை ஆயிற்று. போன பொங்கலுக்கு, நடு ஊருணியில் தத்தளித்த ஒரு கன்றுக்குட்டியும் அவரால் உயிர் பிழைத்தது.

இப்போது அதே மாமனார் வீட்டு ஆட்கள் இருபது பேர் வேன் பிடித்து, மதுரைக்கு வெளியே இருக்கிற தண்ணீர்ப் பூங்காவுக்குக் கிளம்புகிறார்கள். மெய்யநாதனின் மகள் சௌபர்ணிகா போட்ட திட்டம். போகாமலும் இருக்க முடியாது, போய் இறங்கவும் முடியாது. உரலுக்குள் தலையை விட்டாயிற்று. உலக்கை எந்தப் பக்கம் இருந்து வரும் என்பதுதான் பாக்கி. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பிடித்துவிட்டார் ஒரு யோசனை.

மனைவி சிட்டாள் அடுப்படியில் மாவுருண்டைக்கு நெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீச்சல் தெரியாதவுகளைத் தண்ணிக்குள்ள விட்டா, தெரிஞ்சவன் எங்க நிக்கணும்?"

"எங்க நிக்கணும்?"

"கரையில. அவனும் உள்ள இறங்கிட்டா யாரு யாரைக் காப்பாத்துறது? அதனால நான் கரையில நிக்கப் போறேன். உங்களுக்காக."

சிட்டாள் நெய்யைக் கிண்டியபடியே சொன்னாள். "குத்தாலத்துக்குப் போனாலும் நீங்க பையப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னீக. ராமேஸ்வரத்துல கடலுக்கு முன்னாடி நின்னு தலையில தண்ணி தெளிச்சுக்கிட்டீக. ஒருக்கா ஒண்ணா இறங்கலாம்னு எனக்கு ஆசை."

"பாதுகாப்பா, ஆசையா?"

"பாதுகாப்புத்தான்" என்று அவள் உடனே ஒத்துக்கொண்டாள். இவ்வளவு சுளுவாக அவள் எதையும் ஒத்துக்கொண்டதில்லை என்பது மெய்யநாதனுக்கு உறைக்கவில்லை. ஜெயித்த மிதப்பில், முதல் ஈட்டில் பிடித்து வைத்திருந்த இரண்டு மாவுருண்டையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பூங்காவுக்கே போன் போட்டு அரை மணி நேரம் விசாரித்ததையும், தன் அக்கா முத்தழகு ஆச்சிக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் பேசியதையும் அவர் கவனிக்கவில்லை.

பூங்கா வாசலில் ஒரு பெண் உட்கார்ந்துகொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் நீச்சல் தெரியுமா என்று கேட்டாள். தெரியாதவர்களுக்கு மணிக்கட்டில் மஞ்சள் பட்டை, தெரிந்தவர்களுக்கு நீலப் பட்டை. சிட்டாள் கொஞ்சமும் கூசாமல், "எனக்குச் சுத்தமாத் தெரியாதும்மா. எங்குட்டுப் போகலாம், எங்குட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லிரு" என்றாள். அந்தப் பெண்ணும் சந்தோஷமாகச் சொன்னாள். இடுப்பளவுக்கு மேல் போகக் கூடாது. காவலர் கண் படுகிற இடத்தில் நிற்க வேண்டும். ஆழக் குளத்தில் கொண்டுபோய்த் தள்ளும் சறுக்குகளில் ஏறக் கூடாது. மிதவைச் சட்டையின் வாரை இழுத்துக் கட்ட வேண்டும். தோளைப் பிடித்துத் தூக்கினால் சட்டை தாடைக்கு மேல் ஏறக் கூடாது. சிட்டாள் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் மஞ்சள் வாங்கிக்கொண்டார்கள். மச்சினன் முத்தப்பனும் மஞ்சள்தான்.

மெய்யநாதன் முறை வந்தது. மாமனார் வீடே பார்த்துக்கொண்டிருந்தது.

"சார், நீச்சல் தெரியுமா?"

"கேக்குறியேம்மா" என்றார் மெய்யநாதன். கையில் நீலம் ஏறியது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முத்தப்பனும் மற்ற ஆண்களும் முழங்கால் ஆழக் குளத்துக்குப் போனார்கள். பெண்கள் உடை மாற்றப் போனார்கள். மெய்யநாதன் அலைக்குளத்தின் கரையில் ஒரு குடையையும் நாற்காலியையும் பிடித்தார். சுற்றி இருபது பேரின் பைகளை அடுக்கினார். மடியில் பலகாரத் தூக்கு. அன்னாசிப்பழப் படம் போட்ட நைலான் அரைக்கால் சட்டையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு முறுக்கைக் கடித்தார். உலகத்தில் இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது முறுக்கை எடுக்கும்போது எதிரே நிழல் விழுந்தது. சிவப்புப் பனியன் போட்ட காவலர். அவருக்குப் பின்னால் சிட்டாள், முத்தழகு ஆச்சி, இன்னும் நான்கு சொந்தக்காரப் பெண்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நைலான் உடை போட்டிருந்த முத்தழகு ஆச்சி, துண்டை முந்தானை மாதிரி தோளில் போட்டிருந்தார்.

"சார், மஞ்சள் பட்டைக்காரங்க அலைக்குளத்துல இறங்கணும்னா கைக்கெட்டுற தூரத்துல ஒரு நீலப் பட்டை கூட நிக்கணும். உங்க குரூப்ல நீலம் நீங்க ஒருத்தர்தான்."

மெய்யநாதன் எடுத்த முறுக்கைத் தூக்கிலேயே திரும்பப் போட்டார். சாப்பிட்டவுடன் இறங்கக் கூடாது என்றார். ஒரு முறுக்கு சாப்பாடு ஆகாது என்று சிட்டாள் சொன்னாள். பைகளை யார் பார்ப்பது என்றார். பெட்டகத்தில் வைத்துப் பூட்டலாம், சாவி வாங்கியாயிற்று என்றாள். சளி பிடிக்கும் என்றார். மே மாதம் என்றாள். ஆறு பெண்கள் ஆசையோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பிக்கலாம். சொன்னால் ஊருணி போகும், ஏழு தடவை போகும், கன்றுக்குட்டியும் போகும்.

எழுந்தார். அன்னாசிப்பழங்களும் சேர்ந்து எழுந்தன.

"நீங்களும் ஒரு மிதவைச் சட்டை போட்டுக்கங்க" என்றாள் சிட்டாள். "உங்களுக்கு வேண்டியதில்லதான். நீங்க போட்டிருந்தா இவுகளுக்குத் தைரியமா இருக்கும்."

அந்த நிமிஷத்தில் அவள்மேல் அவருக்கு வந்த அன்பு, பதினேழு வருஷத்தில் வராதது. "முன்மாதிரிக்காகப் போட்டுக்கிறேன்" என்று சொல்லி வாங்கினார். வாரை மூன்று தடவை இழுத்துக் கட்டினார்.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. அதற்குமேல் சிட்டாள் போகவிடவில்லை. சங்கு ஊதியது. அலை கிளம்பி வந்தது. மெய்யநாதன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பிள்ளையார்பட்டிப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுக் கொழுக்கட்டை நேர்ந்தார். அப்போது ஆறு பெண்களும் ஒரே நேரத்தில் அவர்மேல் பாய்ந்து பிடித்தார்கள். ஒருத்தி வலது தோள், ஒருத்தி இடது தோள், ஒருத்தி சட்டையின் பின்வார். அலை அவர்கள் தலைக்கு மேல் தெறித்துக் கடந்து போனது.

கண்ணைத் திறந்தார். உயிர் இருந்தது. கால் தரையில் இருந்தது. சுற்றிலும் ஆறு பெண்கள், வேப்பமரத்துக் காக்கைகள் மாதிரி, அவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தான் விழவில்லை, ஒருத்தரையும் விழவும் விடவில்லை என்பது அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. அடுத்த அலைக்குக் கண்ணைப் பாதிதான் மூடினார். அதற்கடுத்த அலைக்கு மூடவே இல்லை. ஐந்தாவது அலைக்கு, "பயப்படாதீக, நான் இருக்கேன்" என்று சத்தம் போட்டார்.

சாயங்காலம் வரை அவரைக் கரையேற்ற முடியவில்லை. ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து சிட்டாளோடு கைகோத்துக்கொண்டு மிதவை ஆற்றில் ஒன்பது சுற்றுச் சுற்றினார். மழை நடனத்தில் முத்தப்பனுக்கே ஆடச் சொல்லிக்கொடுத்தார். சிட்டாளின் நனைந்த முகத்தைப் பார்க்க அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் பைகளுக்குக் காவல் இருந்த தன் மடத்தனத்தை நினைத்து உள்ளுக்குள் தலையில் அடித்துக்கொண்டார்.

திரும்பும்போது வேனில் அவர் ராஜ்ஜியம்தான். முன் இருக்கையில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, ஆறு பேர் தொங்கியும் அசையாமல் நின்றதை வர்ணித்தார். மேலூர் தாண்டும்போது அலையின் உயரம் ஆறடி. திருப்பத்தூரில் பத்தடி. மாமனார் வீட்டு ஆட்கள் வழக்கப்படி ஒன்றும் மறுக்காமல் மாவுருண்டை தின்றுகொண்டு கேட்டார்கள். சிட்டாள் ஜன்னல் ஓரத்தில் தூங்கிவிட்டிருந்தாள்.

எல்லோரையும்விடக் கெட்டியாகப் பிடித்தவர் முத்தழகு ஆச்சி. தோளில் அவர் நகம் பட்ட இடம் இன்னும் எரிந்தது. மெய்யநாதன் பெருந்தன்மையோடு அவர் பக்கம் திரும்பினார்.

"ஆச்சி, உண்மையைச் சொல்லுங்க. ரொம்பப் பயந்துட்டீகளா?"

மாப்பிள்ளை சொன்னதை மறுப்பதுதான் அந்த வீட்டில் வழக்கமில்லை. மாப்பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பதும் வழக்கமில்லை.

"பயமாத்தான் இருந்துச்சு மாப்பிள்ளை" என்றார் முத்தழகு ஆச்சி. "நீங்க நழுவிட்டா சிட்டாளுக்கு யாரு பதில் சொல்றது? முந்தாநாளே போன்ல ஆளுக்கொரு பக்கம் பிரிச்சுக் குடுத்துட்டா. எனக்கு இடது தோளு."